ஏற்றத்தில் இறங்கிய முள்

நாமக்கல்லில் சேலம் ரோட்டை ஒட்டி ஜீவானந்தம் பம்ப் பட்டறை வைத்துப் பதினெட்டு வருஷமாகிறது. இரண்டு பக்கமும் லாரி பாடி கட்டும் பட்டறைகள். காலை எட்டு மணிக்குத் தொடங்குகிற ரிவெட் சத்தம் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். போர்வெல் போடும் ரிக் வண்டியோ டிராக்டரோ, டீசல் பம்ப்பில் கோளாறு என்றால் கழற்றி அவரிடம்தான் கொண்டுவருவார்கள். இன்ஜெக்டர் பீச்சுவதை ஒருமுறை பார்த்தால் போதும், எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எஞ்சினுக்குச் சோறு போடுகிற ஆள் என்று ரிக் முதலாளிகள் அவரைக் கேலி பேசுவதுண்டு. நாலு வருஷம் முன்புவரை அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

ஆடிக் காற்றில் ரோட்டுப் புழுதியெல்லாம் பட்டறைக்குள் வந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும். ரிவெட் சத்தத்துக்கு நடுவே மெல்லிய விசில் ஒன்று கேட்டது. ஏறிக்கொண்டே போய், கடைசியில் தும்மல் மாதிரி ஒரு சீறலோடு அடங்கும் விசில். ஜீவானந்தம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆனால் நிமிரவில்லை. இந்த நாலு வருஷத்தில் அந்த விசில் அவருக்குப் பலமுறை கேட்டிருக்கிறது. ரிக் கம்ப்ரசர் ஓடும்போது கேட்டிருக்கிறது, வீட்டில் குக்கர் அடுப்பில் இருக்கும்போது கேட்டிருக்கிறது, ஒருமுறை மாமனார் சாவு வீட்டில் பறைச் சத்தத்துக்குள்ளேகூடக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதனால் பார்ப்பதையே விட்டிருந்தார்.

"ஜீவானந்தம் அண்ணன் யாருங்க?"

இந்த முறை வாசலில் கார் நின்றது.

சாம்பல் நிறக் கார். இறங்கி வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். பெயர் ஷாருக், சேலம் ஃபேர்லேண்ட்ஸ். இளம்பிள்ளை ஊர்த் தறிகளில் சேலை எடுத்து இந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். காரை வாங்கி எட்டு மாதம் ஆகிறதாம்.

"வேற எங்கயும் ஒரு குறையும் இல்லண்ணே. நாமக்கல்லுல இருந்து திரும்பிப் போறப்ப, புதுச்சத்திரம் தாண்டி நீளமா ஒரு ஏத்தம் வருமே, உச்சியில பாலம்? அங்க மட்டும் மூச்சு வாங்குது. நல்லா இழுத்துக்கிட்டுப் போகும், பாலத்துக்கு முன்னாடி வேப்பமரம் ஒண்ணு இருக்கு, அதத் தாண்டினதும் யாரோ பின்னாலருந்து புடிச்சு இழுக்கற மாதிரி ஆயிடும். நாலு தடவ ஆச்சு. நாலு தடவயும் அதே எடம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் தஸ்னீம், எங்க வீட்டுல, கூட வந்தாங்க. இந்த எடத்துல என்னமோ இருக்கு, வண்டிய வித்துருங்கன்னு அழுதுட்டாங்க. சேலத்துல மூணு பேருகிட்டக் காட்டிட்டேன். டர்போ போட்ட வண்டின்னதும் கைய எடுத்துக்கறாங்க. உங்ககிட்டப் போகச் சொன்னாங்க."

"நான் இப்ப பெட்ரோல் வண்டி பாக்கறதில்லீங்க" என்றார் ஜீவானந்தம்.

அதற்குள் அவன் பானெட்டைத் திறந்துவிட்டான். டர்போவைத் தாங்கிப் பிடித்திருந்த இரும்புப் பட்டை அவர் கண்ணில் பட்டது. பக்கத்துப் பட்டறையில் லாரி பாடிக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு அது. அவரே வளைத்து அவரே பற்றவைத்தது. இடது ஓரத்தில் பற்று கொஞ்சம் தடித்துப்போனதற்கு அன்று காளிதாஸ் சிரித்தான். பானெட் கீலுக்குள் விரலை விட்டுத் துடைத்தார். சாம்பல் பெயிண்டுக்கு அடியில் சிவப்பு.

"வண்டி அடிபட்டதுங்களா?"

"சின்ன அடின்னு சொன்னாங்கண்ணே. முன்பக்கம் மாத்தி, எஞ்சினுக்குப் பிஸ்டன் போட்டுத்தான் கொடுத்தாங்க."

"டேங்க்குக்குள்ள இருக்கற பம்ப்பு?"

"அதத் தொட்ட மாதிரி தெரியலயே."

ஜீவானந்தம் காரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

காளிதாஸ் எருமப்பட்டிக்காரன். தன் கோழிப்பண்ணை ஜெனரேட்டர் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு முதல்முறை வந்தவன், பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவான். ஆயில் டிரம் மேல் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டே தீர்ப்பான். சாதாரணப் பெட்ரோல் காருக்கு டர்போ போட வேண்டும் என்பது அவன் ஆசை. போட்டுக் காட்ட வேண்டும் என்பது ஜீவானந்தத்தின் ஆசை. யார் ஆசை பெரியது என்று சொல்ல முடியாது.

டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும். கூடாவிட்டால் வண்டி நின்றுவிடும் என்றுதான் தெரியாதவர்கள் நினைப்பார்கள். நிற்காது. பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும், அந்தச் சூடு பிஸ்டனைத் தின்னும், ஆனால் ஓட்டுகிறவனுக்குக் கடைசி நொடிவரை வண்டி நன்றாக இழுப்பதாகவே தோன்றும். இதெல்லாம் ஜீவானந்தத்துக்கு மனப்பாடம். பெரிய இன்ஜெக்டர் போட்டார். காற்றின் அழுத்தம் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிக் கொடுக்கும் ரெகுலேட்டர் போட்டார். எல்லாவற்றையும் கட்டுப்படுத்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பெடல், பிரேக், சக்கர வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கையாலேயே ஒயர் இழுத்தார். டேங்க்குக்குள் போட வேண்டிய பெரிய பம்ப் மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரவில்லை. அது வரும்வரை டர்போவைப் பாதி அழுத்தத்தில்தான் விட்டிருந்தார்.

"பாதியில என்னங்ணா இருக்குது? எங்க கோழிப்பண்ண ஆட்டோவே இதவிட ஓடும்" என்று காளிதாஸ் பத்து நாள் நச்சரித்தான். ஒரு சாயங்காலம் ஜீவானந்தம் அழுத்தத்தை முழுசாக ஏற்றினார். அவன் நச்சரிப்பு ஒரு காரணம். பழைய பம்ப் எதுவரை தாங்கும் என்று பார்க்க அவருக்கே ஆசையாக இருந்தது இன்னொரு காரணம்.

"காலைல பாலத்து ஏத்தத்துல நாலாவது கியர்ல வெச்சு முழுசா அழுத்து. ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற சுவிட்சப் போட்டுக்க. பெட்டி எல்லாத்தையும் பதிஞ்சுக்கும். வந்து பாத்துக்கலாம்."

"நீங்க வரலீங்களா?"

அவரும் போவதாகத்தான் இருந்தது. ஒரு ரிக் பம்ப் அவசரமாக வந்து சேர்ந்தது. "நீயே போயிட்டு வா" என்றார்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'ஏறப் போறேங்ணா.' ஏழரைக்குள் கார் பாலத்துத் தடுப்பில் மோதிக் கிடந்தது.

அதிவேகம் என்று போலீஸ் எழுதியது. ஊர் வேறு சொன்னது. முந்தின நாள் இரவு காளிதாஸுக்கும் அவன் பெண்டாட்டி மஞ்சுளாவுக்கும் சண்டை. ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வேலைக்கு அவள் போக வேண்டும் என்றாள், அவன் கார் நினைப்பிலேயே இருந்தான். "இந்த வண்டியக் கட்டிக்கிட்டே சாவுங்க" என்று அவள் கத்தியது பக்கத்து வீடுகள்வரை கேட்டிருக்கிறது. பிணத்தைக் கொண்டுவந்து போட்டதும் காளிதாஸின் தாய் அத்தாயி மருமகளின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "நீ சொன்ன சொல்லு பலிச்சுப்போச்சேடி! எம்பையன் தானாப் பாலத்துல கொண்டுபோயி உட்டுட்டானேடி!"

கூட்டத்தில் நின்ற ஜீவானந்தம் அதைக் கேட்டார். கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவன் மனசு உடைந்துதான் போனான், பம்ப் அல்ல காரணம் என்று ஒரு நொடியில் நம்பிவிட்டார். அந்த நொடிதான் பிறகு அவரை விடவில்லை. மஞ்சுளா அழாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே அவர் நிம்மதிப்பட்டார்.

கார் ஏழு வாரம் ஸ்டேஷன் வாசலில் கிடந்தது. தினம் இரண்டு தடவை அந்த வழியாகப் போனார். ஒயரைச் சொருகினால் பெட்டி உண்மையைச் சொல்லிவிடும். அவர் சொருகவில்லை. கருமாதிக்குப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தார். பிறகு கார் எங்கோ ஏலத்தில் போயிற்று.

"அண்ணே?" என்றான் ஷாருக்.

"ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்" என்றார் ஜீவானந்தம்.

பெட்ரோல் குழாயில் நீள டியூப் போட்டு ஒரு பிரஷர் மீட்டரை இணைத்து, ஓட்டும்போது முள் தெரியும்படி முன்கண்ணாடிக்கு வெளியே டேப் ஒட்டி நிறுத்தினார். ஷாருக் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு.

புதுச்சத்திரம் தாண்டியது. வெயிலில் ரோடு தண்ணீர் தேங்கினாற்போல் நெளிந்தது. ஏற்றம் தொடங்கியதும் "இப்ப அழுத்துங்க" என்றார். டர்போவின் விசில் எழுந்தது. முள் மூன்றிலிருந்து ஏறி மூன்றரையைத் தொட்டது. மூன்றே முக்காலுக்குமேல் போய் நிற்க வேண்டும். போகவில்லை. அங்கேயே ஒரு கணம் நடுங்கிற்று. கார் ஆனந்தமாக இழுத்துக்கொண்டு போயிற்று. முள் இறங்க ஆரம்பித்தது. மூன்றே கால். மூன்று. எதிரே பாலத்துத் தடுப்பில் பத்தடி நீளத்துக்கு மட்டும் சிமெண்டு புதுசாக வெளுத்திருந்தது. வேப்பமரம் கடந்தது. இரண்டரை. ஜீவானந்தத்தின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை உதைத்தது.

"காளி, கால எடு! காளி!"

ஷாருக் பதறிக் காலை எடுத்தான். கார் ஒரு குலுக்குக் குலுக்கி வேகம் தணிந்தது. பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினான். லாரிகள் கடந்துபோகும் காற்றில் கார் ஆடிக்கொண்டே இருந்தது.

"யாருண்ணே காளி?"

ஜீவானந்தம் சொன்னார். யாரிடமும் சொல்லாததை, இரண்டு மணி நேரத்துக்குமுன் பார்த்த ஆளிடம், மீட்டர் முள்ளைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். ஷாருக் இறங்கிப்போய்த் தள்ளி நின்றான். அவன் உதடுகள் ஏதோ ஓதுவது தெரிந்தது. திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தான்.

"அப்ப, என் வண்டியில ஒண்ணும் இல்லியா?"

"பேயெல்லாம் இல்லீங்க. நான் மாத்தாம உட்ட பம்ப்பு இருக்குது. வேற எங்கயும் நீங்க இவ்வளவு நேரம் முழுசா அழுத்தறதில்ல. இந்த ஏத்தத்துலதான் அதுக்குப் பத்தாமப் போகுது. இன்னும் நாலு நொடி நீங்க கால எடுக்காம இருந்திருந்தா..."

"தஸ்னீம் இந்த சீட்டுலதான் உக்காந்திருந்தா" என்றான் ஷாருக். பிறகு மெதுவாகக் கேட்டான். "அந்த வீட்டுக்கு இது தெரியுமாண்ணே?"

காரை மெல்ல ஓட்டிப் பட்டறைக்கு வந்தார்கள். இரும்பு பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்து, பெட்டியில் ஒயரைச் சொருகினார். அந்த சுவிட்சைக் காளிதாஸுக்குப் பிறகு யாரும் போட்டிருக்கவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. பதிவு ஒன்றே ஒன்று இருந்தது. நாற்பத்தொரு நொடி.

பார்க்காமல் மூடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஷாருக் பக்கத்திலேயே நின்றான். அவன் நின்றதால்தான் பார்த்தார் என்று பின்னால் ஜீவானந்தமே ஒப்புக்கொண்டார்.

முப்பதாவது நொடியில் பெடல் முழுசாக அழுந்தியிருக்கிறது. முப்பத்திரண்டில் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது, கலவை வறள்கிறது. முப்பத்தைந்தில் எஞ்சினுக்குள் தட்டல் விழ ஆரம்பித்து ஒவ்வொரு கட்டத்திலும் கூடிக்கொண்டே போகிறது. முப்பத்தாறில் காளிதாஸ் காலை எடுத்துவிட்டான். சத்தம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் அதற்குள் இறுகிவிட்டது. ஐயாயிரத்து எண்ணூறு சுற்றில் ஓடியது, அடுத்த கட்டத்திலேயே சைபர். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கியிருக்கின்றன. அரை நொடியில் அவை மறுபடி சுழல்கின்றன. அவன் கிளட்சை அழுத்தியிருக்கிறான். அந்த வேகத்தில் பத்தில் ஒருவனுக்குத்தான் அது தோன்றும். பிரேக் என்ற கோடு முப்பத்தேழில் மேலே ஏறியது. அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை. நாற்பத்தொன்றில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக முடிந்தன.

ஜீவானந்தம் அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு அச்செடுக்கப் பேப்பர் இருக்கிறதா என்று தேடினார்.

எருமப்பட்டிக்கு அவர் போய்ச் சேரும்போது மணி நாலரை. பண்ணைக் கொட்டகையில் மஞ்சுளா முட்டைகளை எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கயிற்றுக் கட்டிலில் அத்தாயி விரிசல் முட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்த நாலு வருஷமும் மஞ்சுளா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. போனால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும் என்று இருந்துவிட்டாள் என்று கேள்வி. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

"வாங்கண்ணா" என்றாள் மஞ்சுளா. "ஏனுங், திடீர்னு?"

"அம்மணி, ஒண்ணு சொல்லணும். அம்மாவும் கேக்கணும்."

நின்றபடியே சொன்னார். பம்ப் வராதது, அழுத்தத்தை ஏற்றியது, காலையில் போகச் சொன்னது, கூடப் போகாதது. "அவன் கோவத்துல வேகமாப் போகலீங்க. நான் அனுப்பித்தான் போனான். நான் சொன்னபடிதான் அழுத்துனான்." தாளை நீட்டினார். கோடுகள் அவளுக்குப் புரியாதென்று தெரிந்தும் ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டினார். "இது பிரேக்கு. இங்க அழுத்துனது, கடைசி வரைக்கும் உடல."

மஞ்சுளா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

"எத்தன நேரம்?"

"நாலு நொடிங்க."

அவள் அந்தக் கோட்டில் விரலை வைத்து, வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." கோழிகளின் சத்தத்தில் அது அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள். "இத்தன நேரமுமா பொழைக்கப் பாத்தாரு?"

"ஆமாங்க."

"நான் சொன்ன சொல்ல மனசுல வெச்சுக்கிட்டுப் போனாரா, மறந்துட்டுப் போனாரான்னு தினமும் யோசிப்பேனுங்ணா. பல்லு வெளக்கறப்பகூட." அவள் விரல் இன்னும் அந்தக் கோட்டிலேயே இருந்தது. "நீங்க கருமாதிக்கு வந்தீங்க. நாந்தான் உங்களுக்கு ரசம் ஊத்துனேன்."



அத்தாயி கட்டிலிலிருந்து எழுந்தாள். மடியிலிருந்த முட்டை இரண்டு உருண்டு விழுந்து உடைந்தன. தள்ளாடி வந்து மருமகளின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். "கண்ணு..."

"தொடாதீங்க" என்றாள் மஞ்சுளா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப வேண்டாம்."

கிழவி நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். ஜீவானந்தத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத ஊருக்குள்ள சொல்லுவீங்களா?" என்று மஞ்சுளா கேட்டாள். "என்கிட்டச் சொன்ன மாதிரியே. எல்லாரு முன்னாலயும்."

சொன்னார். வெள்ளிக்கிழமை காலை, பால் ஊற்ற ஊரே கூடும் சொசைட்டி வாசலில், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். காளிதாஸின் சித்தப்பா ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். பிடித்த கையை யாரும் விலக்கவில்லை, அவரும் விலக்கவில்லை. அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். முடிந்துபோன கேஸ் என்று முதலில் வாங்க மறுத்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டு கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். இதுவரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் அனிதா, அவர் மனைவி, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் சோறு போட்டபடி, "இத வயித்துல வெச்சுக்கிட்டா எங்கூட நாலு வருசம் குடும்பம் பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஷாருக்கின் காருக்குப் பெரிய பம்ப் வந்தது. டேங்க்கை இறக்கிப் பழைய பம்ப்பைக் கழற்றியபோது அது உள்ளங்கையில் அடங்கியது. ஒரு வெண்டைக்காய் நீளம்கூட இல்லை. புதுசைப் பொருத்தி, ஷாருக்கைப் பட்டறையிலேயே உட்காரவைத்துவிட்டு, பாலத்து ஏற்றத்துக்குத் தனியாகவே போனார். முள் மூன்றே முக்காலுக்குமேல் ஏறி, உச்சிவரை அசையாமல் நின்றது. கார் திணறவில்லை. அதற்காக அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. இவ்வளவுதானா, இவ்வளவு சின்ன வேலைதானா என்று நினைத்தபடி திரும்பினார். தஸ்னீம் மட்டும் இன்றுவரை அந்தக் காரில் ஏறுவதில்லை என்று ஷாருக் சொல்கிறான்.

புரட்டாசியில் மஞ்சுளா ராசிபுரம் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். தாளையும் கையோடு கொண்டுபோனாள். அத்தாயி பண்ணையில் தனியாக இருக்கிறாள்.

அந்தக் கிழவியிடமிருந்து ஜீவானந்தத்துக்குப் போன் வரும். நாள் கணக்கெல்லாம் கிடையாது. சில மாதம் ஒருமுறை, சில வாரம் இரண்டுமுறை. பெரும்பாலும் மதியம், ரிவெட் சத்தம் நின்றிருக்கும் நேரத்தில். நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டாள்.

"சாமி, பிரேக்க அழுத்துனானா?"

"அழுத்துனானுங்மா."

"உடலியே?"

"கடைசி வரைக்கும் உடலீங்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கோழிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அவள் வைத்துவிடுவாள்.